விவாகரத்துக்குப் பின் வீட்டுப் பத்திரத்தில் நிற்கும் உங்கள் பெயர்

விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கைக்கு வந்ததும் பலர் கேட்கும் அடுத்த கேள்வி, "வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறதே, அதை எப்படி எடுப்பது?" என்பதுதான். பதில் சொல்லவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. தீர்ப்பு வந்தாலே பெயர் போய்விடும் என்பார் ஒருவர். நூறு ரூபாய் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்பார் இன்னொருவர். பட்டாவை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பார் மூன்றாமவர். மூன்றுமே தவறு. தவறு என்று தெரியவருவதோ பல ஆண்டுகள் கழித்து, யாராவது அந்த வீட்டை விற்கப் போகும்போது அல்லது நீங்கள் புதிதாக வீட்டுக்கடன் கேட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கும்போது.

தமிழ்நாட்டில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் விலைக்கு வாங்கிய வீட்டில் ஒருவர் வெளியேற விரும்பினால் என்ன நடக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம். வெளியேறுபவரின் பக்கம் நின்றுதான் எழுதுகிறேன். வீட்டை வைத்துக்கொள்பவருக்கு ஆலோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். பூர்வீகச் சொத்தும் மாமனார் பெயரில் உள்ள வீடும் வேறு கணக்கு. அவை இதில் வராது.

பதிவான பத்திரத்தில் அழித்தல் என்பது இல்லை

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடனுக்குப் பொருள் வாங்கிய நாளில் கடைக்காரர் ஒரு வரி எழுதுகிறார். மாதக் கடைசியில் பணம் கொடுத்ததும் அந்த வரியை அவர் அழிப்பதில்லை. கீழே இன்னொரு வரியில் வரவு வைக்கிறார். இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால்தான் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று தெரியும்.

சொத்துப் பதிவும் இப்படித்தான் நடக்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து வீடு வாங்கியபோது எழுதப்பட்டது கிரயப் பத்திரம், அதாவது விலை கொடுத்து வாங்கியதற்கான பதிவு ஆவணம். அது சார் பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதில் உள்ள உங்கள் பெயரை யாராலும் சுரண்டி எடுக்க முடியாது. சார் பதிவாளருக்கும் அந்த அதிகாரம் இல்லை. எடுக்கவும் தேவையில்லை, ஏனென்றால் அன்றைய தேதியில் நீங்கள் வாங்கியது உண்மை. செய்ய வேண்டியது, உங்கள் பங்கு இன்னார் கைக்குப் போய்விட்டது என்று சொல்லும் இன்னொரு ஆவணத்தை அதே பதிவேட்டில் ஏற்றுவது. பேச்சுவழக்கில் பெயர் நீக்கம் என்கிறோம். சட்டத்தின் கண்ணில் நடப்பது பங்கு கைமாறுவது. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் கட்டணம், வரி, கடன், கால வரிசை எல்லாமே ஒழுங்காகப் புரியும்.

பிழைத்திருத்தப் பத்திரம் போட்டால் மலிவாக முடியும் என்று சிலர் வழி சொல்வதுண்டு. முதலெழுத்து மாறியது, கதவு எண் தவறியது போன்ற எழுத்துப் பிழைகளுக்கானது அது. ஒரு உரிமையாளரையே பத்திரத்திலிருந்து இறக்கிவிடுவது பிழைத்திருத்தம் ஆகாது. கிரயத்தை ரத்து செய்யும் யோசனையும் உதவாது. உங்களுக்கு விற்றவர் எப்போதோ பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பங்கு எவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதாவிட்டால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 45ஆம் பிரிவின்படி, யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. அதற்குச் சான்று இல்லை என்றால் சமபங்கு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "தவணை முழுக்க நான்தான் கட்டினேன்" என்ற சண்டை இந்தப் பிரிவைச் சுற்றித்தான் நடக்கிறது. இருவரும் ஒத்துப்போய் எழுதும்போது அந்தச் சண்டைக்கு வேலையில்லை. இன்ன விகிதத்தைக் கொடுக்கிறேன் என்று பத்திரத்தில் தெளிவாகச் சொன்னால் போதும்.

தீர்ப்பு எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்ப்பதில்லை

விவாகரத்துத் தீர்ப்பாணை திருமணத்தை முடித்துவைக்கிறது. வீட்டின் உரிமையைத் தானாக மாற்றுவதில்லை. மணவாழ்க்கையில் சேர்த்த சொத்து பிரிவின்போது தானாகவே இரண்டாகப் பிரியும் என்ற விதி சில நாடுகளில் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. இங்கே சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. இந்து திருமணச் சட்டம் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி நீதிமன்றம் உத்தரவிட இடம் கொடுக்கிறது. குடும்ப நீதிமன்றமும் தம்பதியரின் சொத்துத் தகராறை விசாரிக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டால்தான் இதெல்லாம். கேட்காமல் விட்டால் தீர்ப்பாணையில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

அப்படி விட்டால் என்ன ஆகும்? நீங்கள் பாதி வீட்டுக்குச் சொந்தக்காரராகவே இருப்பீர்கள். ஐந்தாண்டு கழித்து மறுமணம் செய்துகொள்கிறீர்கள், பிறகு எதிர்பாராமல் இறந்துபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாதிப் பங்கு உங்கள் வாரிசுகளுக்குப் போகும். வாரிசுப் பட்டியலில் உங்கள் புதிய துணையும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்தே அறியாத உங்கள் முன்னாள் துணையும் இந்நாள் துணையும் ஒரே வீட்டின் கூட்டு உரிமையாளர்கள் ஆகிவிடுவார்கள். இருவருமே இதை விரும்பியிருக்கமாட்டார்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் முடிந்த திருமணமோ, சிறப்புத் திருமணச் சட்டத்திலோ கிறித்தவ, இஸ்லாமிய முறையிலோ முடிந்த திருமணமோ, விவாகரத்து நடைமுறைதான் வேறுபடும். கிரயம் வாங்கிய வீட்டின் பங்கைப் பதிவுப் பத்திரம் எழுதிக் கைமாற்றும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: பழைய பத்திரம் அப்படியே நிற்கும். தீர்ப்பு தானாக எதையும் மாற்றாது. உங்கள் பங்கைக் கைமாற்றும் புதிய ஆவணம் ஒன்று பதிவாக வேண்டும்.

எந்த ஆவணம்?

இந்தச் சூழ்நிலைக்குப் பெரும்பாலும் பொருந்துவது விடுதலைப் பத்திரம். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் தம் பங்கை மற்றொரு கூட்டு உரிமையாளருக்கு விட்டுக்கொடுப்பதைச் சொல்லும் ஆவணம் அது. பணம் வாங்கிக்கொண்டும் எழுதலாம், வாங்காமலும் எழுதலாம். ஆனால் ஏற்கெனவே பத்திரத்தில் பங்கு உள்ளவருக்குத்தான் விடுதலை எழுத முடியும். முன்னாள் கணவரின் தம்பிக்கோ முன்னாள் மனைவியின் தாயாருக்கோ எழுத முடியாது. அவர்கள் கூட்டு உரிமையாளர்கள் அல்லர்.

பத்திர எழுத்தர் தரும் வரைவில் "மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிபடாத பாதி பாகத்தை இன்று தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்கிற தோரணையில் ஒரு வாக்கியம் இருக்கும். பழங்கால நடைதான். ஆனால் உங்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது இந்த ஒரு வாக்கியமே. அதில் "பிரிபடாத" என்ற சொல்லும் பங்கின் அளவும் சரியாக இருக்கின்றனவா, பழைய கிரயப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் அலுவலகத்தின் பெயரும் பிழையில்லாமல் இருக்கின்றனவா, சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் பழைய பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் நிலத்தில் உள்ள பிரிபடாத பங்கின் சதுர அடிக் கணக்கும் இருக்க வேண்டும். எழுத்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு அன்றைக்கு அது பத்தாவது பத்திரமாக இருக்கலாம்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தான செட்டில்மெண்ட் என்பது பணம் எதுவும் வாங்காமல் அன்பினால் கொடுப்பதாக எழுதுவது. விவாகரத்து நேரத்தில் "தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று கையெழுத்திடுவதன் விநோதம் ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் பணம் கைமாறியிருந்தால் இது பொருந்தாது. கிரயம் என்றால் உங்கள் பங்கை அவருக்கு விற்பது. இருவரும் சேர்ந்து வீட்டை வெளியாருக்கு விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதும் கிரயம்தான். இருவருக்கும் அந்த வீடு வேண்டாம் என்றால் இதைவிடச் சுத்தமான வழி வேறில்லை.

எந்த வகையானாலும் பதிவு கட்டாயம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும் அல்லது நீக்கும் ஆவணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவு. பதிவு செய்யாவிட்டால் அந்த ஆவணம் சொத்தைத் தொடாது என்கிறது 49ஆம் பிரிவு. வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் முன்னிலையில் நூறு ரூபாய் தாளில் எழுதிய உடன்படிக்கை இங்கேதான் விழுகிறது. நோட்டரி முத்திரை வைத்தாலும் அது பதிவாகிவிடாது.

கட்டணம்: கணவன் மனைவிக்கு ஒன்று, முன்னாள்களுக்கு ஒன்று

பத்திரப் பதிவுக்கு இரண்டு செலவுகள் உண்டு. முத்திரைத் தீர்வை அரசுக்குச் செலுத்தும் வரி. பதிவுக் கட்டணம் பதிவுத் துறையின் சேவைக்கான தொகை. இரண்டும் சொத்தின் வழிகாட்டி மதிப்பை, அதாவது அந்தத் தெருவுக்கு அல்லது சர்வே எண்ணுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பை, அடிப்படையாகக் கொண்டவை.

குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலை, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு சலுகை தருகிறது. முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பு தீர்வைக்கு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், கட்டணத்துக்கு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது. விற்பனைக்கோ 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதக் கட்டணமும், உச்சவரம்பு கிடையாது. குடும்பத்தார் அல்லாதவர்கள் எழுதிக்கொள்ளும் விடுதலைக்கும் தீர்வை 7 சதவீதம்தான்.

அறுபது லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டில் பாதிப் பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கைமாறும் மதிப்பு 30 லட்சம். குடும்ப விடுதலை என்றால் தீர்வை 30,000, கட்டணம் உச்சவரம்பில் நின்று 10,000. மொத்தம் 40,000 ரூபாய். அதையே கிரயமாக எழுதினால் தீர்வை 2,10,000, கட்டணம் 60,000. மொத்தம் 2,70,000 ரூபாய். விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், எழுதும் வாரத்தில் பதிவுத் துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், குடும்பம் என்ற வரையறையில் கணவனும் மனைவியும் உண்டு. முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியும் இல்லை. தீர்ப்பாணை வந்த மறுநாள் நீங்கள் இருவரும் சட்டப்படி அந்நியர். சலுகைக் கட்டணத்தில் பதிவு செய்ய சார் பதிவாளர் மறுக்க இடம் இருக்கிறது.

வருமான வரியிலும் இதே கோடுதான். உறவினரிடமிருந்து இலவசமாக வரும் சொத்துக்கு வரி இல்லை. உறவினர் பட்டியலில் துணைவர் இருக்கிறார், முன்னாள் துணைவர் இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து அந்நியரிடமிருந்து இலவசமாக வந்தால் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்படலாம். நீங்கள் பணம் வாங்கிக்கொண்டு பங்கைக் கொடுத்தால் மூலதன ஆதாயம், அதாவது சொத்தைக் கைமாற்றிக் கிடைத்த லாபத்துக்கு வரி, என்ற கேள்வி உங்கள் பக்கம் எழும். இதற்குமேல் உங்கள் கணக்குகளைப் பார்த்த ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது கையெழுத்திடுவது?

செலவை மட்டும் பார்த்தால் விடை எளிது: தீர்ப்புக்கு முன்பே, சட்டப்படி கணவன் மனைவியாக இருக்கும்போதே விடுதலையை எழுதிவிடுங்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பலர் மாட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

பரஸ்பர சம்மத விவாகரத்து இரண்டு கட்டமாக நடக்கிறது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்திருந்தவர்கள் சேர்ந்து மனுத் தாக்கல் செய்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து உறுதிசெய்ய வேண்டும். பொருத்தமான வழக்குகளில் அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முக்கியமானது என்னவென்றால், தீர்ப்பாணை பிறப்பிக்கப்படும்வரை எந்த ஒருவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். முதல் மனு முடிந்ததும் நீங்கள் வீட்டை விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். பணத்தை இரண்டாம் கட்டத்தில் தருவதாகப் பேச்சு. ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்கே வரவில்லை. வீடு போயிற்று, பணம் வரவில்லை, விவாகரத்தும் கிடைக்கவில்லை. பதிவான விடுதலையை நீங்களாகத் திரும்ப எடுக்க முடியாது. அதற்கு ஒரு வழக்கு, அதற்கு எத்தனை ஆண்டோ.

என் கருத்து இது. உங்கள் பங்குக்கான முழுத் தொகையும் பதிவு நாளன்றே வங்கி வரைவோலையாகவோ வங்கிக் கணக்கிலோ வந்துசேரும் என்றால், தீர்ப்புக்கு முன் எழுதிச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தொகை தவணையில் வரும், பின்தேதியிட்ட காசோலைகளாக வரும், "முதலில் கையெழுத்துப் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கையெழுத்திட வேண்டாம். மிச்சமாகும் இரண்டு லட்சத்துக்காக முப்பது லட்சத்தைப் பணயம் வைப்பது கணக்கு ஆகாது. பணம் எதுவும் கேட்காமல் விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் விவாகரத்து ஒப்பந்தத்தில் வேறு ஏதாவது, பிள்ளைகளின் பொறுப்போ ஜீவனாம்சமோ, பதிலுக்கு வர வேண்டியதாகத்தான் இருக்கும். அது எந்தக் கட்டத்தில் உறுதியாகிறது என்று பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. இருவரும் எழுதும் சமரச ஒப்பந்தத்தில் வீட்டின் முழு விவரத்தையும், யார் யாருக்கு எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, தீர்ப்பாணையின் பகுதியாக்கிவிடுவது. இதற்குச் சமரசத் தீர்ப்பாணை என்று பெயர். எதிர்த்தரப்பு பின்வாங்கினால் அதை நிறைவேற்றக் கோரி அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த வீடே வழக்கின் பொருளாகவும் இருந்தால், தீர்ப்பாணை வழியாகவே பங்கு கைமாற பதிவுச் சட்டம் இடம் கொடுக்கிறது; தனிப் பத்திரம் கட்டாயமில்லை. மனுவில் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல், கடைசி நாளில் சமரசத்தில் மட்டும் வீட்டைச் சேர்த்தால் இந்தச் சலுகை கைநழுவும். ஆகவே வழக்கறிஞர் மனு எழுதும்போதே வீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிவு கட்டாயமில்லாத தீர்ப்பாணையையும் பதிவு செய்துவிடுவதே நல்லது. பதிவாகாத தீர்ப்பாணை வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. வில்லங்கச் சான்றிதழ் என்பது ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான ஆவணங்களை வரிசையாகக் காட்டும் பட்டியல். நாளைக்கு வீட்டை வாங்க வருபவரின் வழக்கறிஞர் முதலில் எடுப்பது அதைத்தான். பதிவு செய்யச் சட்டம் சொல்லும் காலக்கெடு நான்கு மாதம். நீதிமன்றத் தீர்ப்பாணைகளை இந்தக் கெடு கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நான்கு மாதத்துக்குள் போய்விட்டால் அந்தத் தீர்ப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

சுருக்கமாக: தீர்ப்புக்கு முன் எழுதினால் செலவு குறைவு, ஆபத்து அதிகம். பின் எழுதினால் செலவு கூடலாம். பணமும் கையெழுத்தும் ஒரே நாளில் கைமாறுமா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

வீட்டுக்கடன் தனிக் கதை

பத்திரத்திலிருந்து வெளியேறியவர்கள் கடனிலிருந்தும் வெளியேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இதைவிடச் செலவு வைக்கும் தவறு வேறில்லை.

பத்திரம் உங்களுக்கும் உங்கள் துணைவருக்கும் இடையிலான விஷயம். கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. இருவரும் சேர்ந்து வாங்கிய கடனில் முழுத் தொகையையும் யாரிடமிருந்தும் வங்கி வசூலிக்கலாம்; உன் பாதி, என் பாதி என்ற பேச்சு வங்கிக்குக் கிடையாது. "இனித் தவணையை அவரே கட்டுவார்" என்று விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் வங்கி அதில் கையெழுத்திடவில்லையே. அவர் மூன்று தவணை கட்டத் தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும். வீடும் உங்களுடையது அல்ல, கடன் மட்டும் உங்களுடையது என்ற நிலை இது.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் வங்கி, பிறகு பத்திரம். வீட்டை வைத்துக்கொள்பவர் தம் ஒருவர் வருமானத்திலேயே கடனைத் தாங்க முடியும் என்று வங்கியை ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் இணைக் கடன்தாரர் என்ற இடத்திலிருந்து உங்களை எழுத்துமூலம் விடுவிப்பார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் வேறு வங்கியில் தனிப்பெயரில் கடன் எடுத்துப் பழையதை அடைக்கலாம், அல்லது உறவினர் ஒருவரை இணைக் கடன்தாரராகச் சேர்க்கலாம். எதுவுமே நடக்காவிட்டால் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுவதே இருவருக்கும் நல்லது. எப்படியும் அசல் கிரயப் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில்தான் இருக்கும். அடமானத்தில் இருக்கும் வீட்டின் பங்கை வங்கிக்குத் தெரியாமல் கைமாற்றினால் கடன் ஒப்பந்தத்தை மீறியதாகும்.

வங்கியிலிருந்து வாங்க வேண்டியது வாய்மொழி உறுதி அல்ல, கடிதம். மேலாளர் மாற்றலாகிப் போய்விடுவார்.

எதிர்த்தரப்பு ஒத்துவராவிட்டால்

விடுதலைக்கு மற்றவரின் ஒத்துழைப்பு வேண்டும். பணம் தர மறுக்கிறார், விற்கவும் மறுக்கிறார் என்றால் பாகப்பிரிவினை வழக்குத்தான் வழி. எந்தக் கூட்டு உரிமையாளரும் தம் பங்கைப் பிரித்துத் தரக் கேட்கலாம். ஒரு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாதபோது, விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. நீங்கள் விற்கக் கேட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள மற்றவருக்கும் அதே சட்டம் உரிமை தருகிறது. நடைமுறையில் வழக்குத் தாக்கலானதும் பலர் பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள்.

பிரிபடாத பங்கை மூன்றாம் நபருக்கு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இன்னொருவர் குடியிருக்கும் வீட்டில் பாதியை நியாயமான விலைக்கு வாங்க யார் வருவார்கள்? வருபவர்களில் பெரும்பாலோர் அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமை வேறு, பத்திரத்தில் உள்ள பங்கு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை எழுதி வாங்க யாராவது முயன்றால், உங்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

பதிவு நாள்

பதிவுத் துறை இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, கட்டணத்தைச் செலுத்தி, டோக்கன் பெற்றுக்கொண்டு குறித்த நேரத்துக்குச் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எழுதிக் கொடுப்பவர் நீங்கள், எழுதி வாங்குபவர் உங்கள் முன்னாள் துணைவர். இரண்டு சாட்சிகளும் அடையாள அட்டையுடன் வர வேண்டும். புகைப்படம், கைரேகை எல்லாம் அங்கேயே எடுப்பார்கள். மனமுவந்துதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், உங்களுக்காக வந்த அண்ணனோ அப்பாவோ அல்ல. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்க மனம் ஒப்பாதவர்கள் பதிவான அதிகார ஆவணம் மூலம் முகவரை அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகார ஆவணத்தை அனுப்பிவைக்கலாம். அது இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

பதிவுக்குப் பிறகு

சில வாரங்கள் கழித்து அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். பழைய கிரயப் பத்திர வரியில் இருவர் பெயரும் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே புதிய வரி: ஆவண வகை விடுதலை, எழுதிக் கொடுத்தவர் இடத்தில் உங்கள் பெயர். பற்று நோட்டில் வரவு வைத்தாயிற்று.

பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவை இதன் பிறகுதான். பட்டா என்பது வருவாய்த் துறையின் நிலப் பதிவு. பத்திரத்தின்படி பட்டா மாறும். பட்டாவின்படி பத்திரம் மாறாது. இவற்றையெல்லாம் மாற்ற வேண்டியது வீட்டை வைத்துக்கொள்பவரின் வேலை என்று விட்டுவிடத் தோன்றும். சொத்துவரி நிலுவை அறிவிப்பு உங்கள் பெயருக்கு வரக்கூடாது என்றால் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அசல் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியவரிடம் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அதன் சான்றிட்ட நகல். பதிவுத் துறையில் விண்ணப்பித்தால் கிடைக்கும். வங்கி உங்களைக் கடனிலிருந்து விடுவித்த கடிதத்தையும் தீர்ப்பாணை நகலையும் அதனுடன் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நீங்கள் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது "ஏற்கெனவே ஒரு வீடும் கடனும் உங்கள் பெயரில் காட்டுகிறதே" என்று கேட்பார்கள். அப்போது முன்னாள் துணைவரைத் தொலைபேசியில் அழைக்காமல் நீங்களே பதில் சொல்ல இந்த மூன்று தாள்களும் போதும்.